கர்ப்பகால பிரஷரை முன்கூட்டியே கணிக்கும் பரிசோதனைகள்: யாருக்கு எது போதும்?

மூன்றாம் மாத என்டி ஸ்கேனுக்கு (குழந்தையின் பின்கழுத்துத் தடிமனைப் பார்க்கும் ஸ்கேன்) நாள் வாங்கும்போதே "ப்ரீஎக்ளாம்ப்சியா ஸ்கிரீனிங்கும் சேர்த்துப் பண்ணிடலாமா?" என்று, கர்ப்பகால பிரஷர் நோயை முன்கூட்டியே கணிக்கும் பரிசோதனையைப் பற்றிக் கேட்கும் இடங்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. கேட்கப்படுவது பில் கவுன்டரில், யோசிக்கக் கிடைப்பது அரை நிமிஷம். வேண்டாம் என்றால் குழந்தைக்குச் செய்ய வேண்டியதை விட்டுவிட்டோமோ என்ற பயம் வரும், சரி என்றால் தேவையில்லாத செலவோ என்ற சந்தேகம் வரும். சொந்தத்திலும் தெரிந்தவர்களிலும் பலர் இதைக் கேட்டுவிட்டார்கள், அதனால் இருக்கும் வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யாருக்கு எது என்று என் கருத்தையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். இருபது வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டு, கூடவே சிறுநீரில் புரதம் போனாலோ, கல்லீரல், சிறுநீரகம், ரத்தத் தட்டணுக்கள் இவற்றில் ஏதாவது பாதிக்கப்பட்டாலோ அதுதான் ப்ரீஎக்ளாம்ப்சியா. முற்றினால் வலிப்பு வரும், தாய் உயிருக்கே ஆபத்து. உலக அளவில் நூறு கர்ப்பங்களில் இரண்டு முதல் எட்டு வரை இது வருகிறது. வெளியே தெரிவது ஐந்தாம் மாதத்துக்குப் பிறகுதான் என்றாலும் கோளாறு தொடங்குவது நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரில் வேர்விடும் நாட்களிலேயே. கருப்பையின் சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் அகன்று தாராளமாக ரத்தம் விட வேண்டும், அது சரியாக நடக்காவிட்டால் நஞ்சுக்கொடிக்கு ரத்தம் போதாமல் அது தாயின் ரத்தத்தில் சில புரதங்களைக் கலந்துவிடுகிறது, அவை உடம்பு முழுக்க ரத்தக்குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கின்றன. வந்த பிறகு இதை முழுதாகத் தீர்க்க ஒரே வழி பிரசவம் பார்ப்பதுதான். 38 வாரத்தில் வந்தால் சமாளிக்கலாம், 29 வாரத்தில் வந்தால் குழந்தை கண்ணாடிப் பெட்டியில் பல வாரம் இருக்க வேண்டிவரும்.

முன்கூட்டியே தெரிந்து என்ன செய்யப்போகிறோம் என்று கேட்பவர்களுக்கு 2017-ல் வெளியான ஆஸ்ப்ரே ஆய்வு நேரடியான பதிலைச் சொன்னது. லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையின் கிப்ரோஸ் நிக்கோலைடஸ் குழு சுமார் 27 ஆயிரம் பெண்களைப் பரிசோதித்து, அதிக ஆபத்து என்று வந்தவர்களில் சம்மதித்த 1,776 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரினும் மறு பாதிக்கு மருந்தில்லாத மாத்திரையும் கொடுத்தது. 37 வாரத்துக்கு முன்பே பிரசவம் பார்க்க வேண்டிவந்த குறைமாத ப்ரீஎக்ளாம்ப்சியா, வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 4.3 சதவீதம், ஆஸ்பிரின் எடுத்தவர்களில் 1.6 சதவீதம். பாதிக்கும் மேல் குறைந்தது. ஆனால் மாதம் நிறைந்த பிறகு வரும் வகையில் அப்படிப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எல்லாப் பரிசோதனைகளும் பிடிப்பதும் ஆஸ்பிரின் தடுப்பதும் முக்கியமாக அந்தக் குறைமாத வகையைத்தான். மாத்திரையை 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன் என்பதால்தான் இவ்வளவு அவசரமும்.

செலவே இல்லாத வழி, கேள்வி கேட்டுப் பட்டியல் போடுவது. இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு சொல்லும் பட்டியலில் ஐந்து விஷயங்கள் கனமானவை: போன கர்ப்பத்தில் பிரஷர் வந்தது, ஏற்கெனவே பிரஷர் இருப்பது, சர்க்கரை நோய், சிறுநீரக நோய், லூபஸ் மாதிரி உடலே உடலைத் தாக்கும் நோய். இதில் ஒன்று இருந்தாலே ஆஸ்பிரின். அடுத்த படியில் தலைப்பிரசவம், வயது 40-க்கு மேல், அதிக உடல் எடை, அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ இந்த நோய் வந்தது, இரட்டைக் குழந்தை, முந்தைய கர்ப்பத்துக்கும் இதற்கும் பத்து வருஷத்துக்கு மேல் இடைவெளி. இதில் இரண்டு சேர்ந்தால் ஆஸ்பிரின். நம் நாட்டில் மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பான ஃபாக்ஸி, ஜெஸ்டோசிஸ் ஸ்கோர் என்று ஒன்றைப் பரிந்துரைக்கிறது. அதில் ஒவ்வொன்றுக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று மதிப்பெண், மொத்தம் மூன்றைத் தொட்டால் அதிக ஆபத்து. ரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் இதில் இடம் இருக்கிறது என்பதுதான் நம் ஊருக்கு முக்கியம். தலைப்பிரசவத்துக்கு ஒன்று, தைராய்டு குறைவுக்கு இரண்டு, ஆக தைராய்டு மாத்திரை போட்டுக்கொண்டிருக்கும் ஒரு தலைப்பிரசவப் பெண் வேறு எதுவும் இல்லாமலேயே மூன்றைத் தொட்டுவிடுவார். இரண்டுமே நம்மிடையே சாதாரணம் என்பதால் இந்த வலை மிக அகலமாக விழுகிறது. மாத்திரை மலிவு என்பதால் அதில் பெரிய தப்பில்லை, ஆனால் "அதிக ஆபத்து" என்ற முத்திரையைக் கேட்டு அந்தப் பெண் ஆறு மாதம் பயந்துகொண்டே இருக்கக் கூடாது.

பட்டியலின் பலவீனம் வேறு பக்கம். 2018-ல் வந்த ஸ்ப்ரீ ஆய்வு, இங்கிலாந்தில் 16,747 கர்ப்பங்களை வைத்து நைஸ் பட்டியலையும், பல அளவீடுகளைச் சேர்த்துக் கணக்கிடும் கூட்டுப் பரிசோதனையையும் (விவரம் அடுத்து வருகிறது) ஒரே பெண்கள் மேல் ஒப்பிட்டது. குறைமாத ப்ரீஎக்ளாம்ப்சியா வந்தவர்களில் நைஸ் பட்டியல் முன்பே அடையாளம் காட்டியது நூற்றுக்கு 41 பேரைத்தான். கூட்டுப் பரிசோதனை காட்டியது 82 பேரை. இரண்டும் "ஆபத்து" என்று கைகாட்டிய பெண்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான், பத்தில் ஒருவர். அதோடு, பட்டியல்படி ஆஸ்பிரின் எடுத்திருக்க வேண்டியவர்களில் உண்மையில் எடுத்தது நான்கில் ஒருவர்கூட இல்லை. டாக்டர் எழுதவில்லையா, இவர்கள் சாப்பிடவில்லையா என்பது வேறு. "உங்கள் எண் இது" என்று ஒரு தாள் கையில் இருந்தால் அதை யாரும் அவ்வளவு சுலபமாக ஒதுக்கமாட்டார்கள் என்பது என் எண்ணம்.

கூட்டுப் பரிசோதனை என்றால் நான்கு விஷயங்கள் சேர்ந்தது: உங்கள் விவரங்கள், ரத்த அழுத்தம், கருப்பை ரத்தக்குழாய் டாப்ளர், அப்புறம் ரத்தத்தில் பி.எல்.ஜி.எஃப் என்ற புரதம். எல்லாவற்றையும் லண்டனின் ஃபீட்டல் மெடிசின் ஃபவுண்டேஷன் இலவசமாக இணையத்தில் வைத்திருக்கும் கணக்கீட்டுக் கருவியில் போட்டால் ஒரு எண் வரும். செய்ய வேண்டிய காலம் 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரை, அதாவது என்டி ஸ்கேனும், டவுன் சிண்ட்ரோம் மாதிரிக் குறைபாடுகளுக்கான டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையும் செய்யும் அதே நாள். ஸ்ப்ரீ கணக்கில் ஒவ்வொன்றும் எவ்வளவு சேர்க்கிறது என்று பார்க்கலாம். உங்கள் விவரங்களோடு ரத்த அழுத்தமும், டபுள் மார்க்கரில் ஏற்கெனவே பார்க்கும் பேப்-ஏ புரதமும் மட்டும் என்றால் நூற்றுக்கு 53 பிடிபடும், பேப்-ஏ-க்குப் பதில் பி.எல்.ஜி.எஃப் வைத்தால் 69, டாப்ளரும் சேர்ந்தால் 82. கையில் பணம் குறைவு என்றால் எதை விடலாம் என்று யோசிக்க இந்த எண்கள் உதவும். இங்கிலாந்துப் பெண்கள் மேல் எடுத்த கணக்கு இது, நமக்கு அச்சு அசலாகப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் எது எதைவிட மேல் என்ற வரிசை தெரிகிறது.

இதில் எல்லோரும் கவனிக்காமல் விடுவது ரத்த அழுத்தத்தை. மாடிப்படி ஏறி வந்து, அரை மணி நேரம் வரிசையில் நின்று, ஸ்டூலில் உட்கார்ந்த கையோடு புடவை மேலேயே பட்டையைச் சுற்றி ஒரே ஒரு தடவை எடுத்து "நார்மல்" என்று நோட்டில் எழுதுவதை எத்தனை இடத்தில் பார்த்திருப்பீர்கள். இந்தக் கணக்குக்கு அப்படி எடுத்தால் பயனே இல்லை. ஐந்து நிமிஷமாவது சாய்ந்து உட்கார்ந்து, கால் மேல் கால் போடாமல், கை நெஞ்சு மட்டத்தில் இருக்க, இரண்டு கையிலும் இரண்டிரண்டு தடவை எடுக்க வேண்டும். அதிலிருந்து சராசரி அழுத்தம் கணக்கிடுகிறார்கள்: கீழ் எண்ணை இரண்டால் பெருக்கி, மேல் எண்ணைக் கூட்டி, மூன்றால் வகுக்க வேண்டும். 110/70 என்றால் 83. 118/76 என்றால் 90. இரண்டுமே வழக்கமான பேச்சில் நார்மல்தான், யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். ஆனால் ஜெஸ்டோசிஸ் பட்டியலில் 85-க்கு மேல் போனாலே ஒரு மதிப்பெண், லண்டன் கணக்கிலும் அந்த 90 உங்கள் எண்ணை மேலே தள்ளும். பன்னிரண்டாம் வாரத்தில் நார்மலுக்குள்ளேயே சற்று உயர்ந்து நிற்கும் அழுத்தம் பின்னால் வருவதன் அறிகுறியாக இருக்கலாம் என்பதே இந்தப் பரிசோதனையின் அடிப்படை. ஆரம்ப சுகாதார நிலையத்தில்கூட, பைசா செலவில்லாமல், இதைச் சரியாகச் செய்ய முடியும்.

டாப்ளர் என்பது கருப்பைக்கு இரண்டு பக்கமும் போகும் ரத்தக்குழாய்களில் ரத்தம் எவ்வளவு தடையோடு ஓடுகிறது என்று பார்ப்பது. என்டி ஸ்கேனுக்குப் படுத்திருக்கும்போதே சில நிமிஷத்தில் முடிந்துவிடும். ரிப்போர்ட்டில் வலது, இடது, சராசரி என்று அந்தத் தடையைக் காட்டும் பி.ஐ. எண் இருக்கும். இதை மட்டும் தனியாகப் பார்த்து "டாப்ளர் நார்மல், பயமில்லை" என்றோ "டாப்ளர் சரியில்லை" என்றோ முடிவு கட்டுவது சரியில்லை, தனியாக இது பலவீனமான கருவி. அதேபோல ரத்தப் பரிசோதனைப் பக்கமும் ஒரு சிக்கல். டபுள் மார்க்கரோடு பி.எல்.ஜி.எஃப்-பையும் சேர்த்து ஒரே தொகுப்பாக விற்கும் லேப்கள் இருக்கின்றன. விண்ணப்பத் தாளில் ரத்த அழுத்தமும் டாப்ளர் எண்ணும் எழுதாமலே ரத்தம் மட்டும் போனால், அங்கிருந்து வரும் எண் பாதிக் கணக்குதான், ஆனால் காசு முழுக் காசு. பணம் கட்டும் முன்பே "பி.பி.யும் டாப்ளரும் இதில் சேர்கிறதா?" என்று கேட்டுவிடுங்கள். இல்லை என்று பதில் வந்தால் அந்தத் தொகுப்பு வேண்டாம் என்பேன்.

எண் வந்த பிறகு அதைப் படிப்பதிலும் குழப்பம். சொந்தத்தில் ஒரு பெண்ணுக்கு 1:86 என்று வந்தது. வீட்டில் மாமியார் அதை 86 சதவீதம் என்று புரிந்துகொண்டு, வீடே இரண்டு நாள் துக்க வீடு மாதிரி இருந்தது. உன்னை மாதிரி விவரங்கள் உள்ள 86 பெண்களில் ஒருத்திக்கு வரலாம், 85 பேருக்கு வராது என்று உட்கார்ந்து விளக்கிய பிறகுதான் அவள் சாப்பிட்டாள். நூற்றில் ஒன்று அல்லது அதைவிட அதிகம் என்பதைத்தான் ஆஸ்ப்ரே ஆய்வு எல்லைக்கோடாக வைத்தது, அதனால் 1:86 என்பது மாத்திரை தொடங்க வேண்டிய பக்கம். இன்னொரு விதமாகச் சொன்னால், ஸ்ப்ரீ கணக்குப்படி ஆயிரம் பெண்கள் பரிசோதித்துக்கொண்டால் நூறு பேருக்கு "அதிக ஆபத்து" என்று வரும். அந்த ஆயிரத்தில் குறைமாத ப்ரீஎக்ளாம்ப்சியா வரக்கூடியவர்கள் எட்டுப் பேர். அவர்களில் ஆறேழு பேர் அந்த நூறுக்குள் இருப்பார்கள், ஓரிருவர் வெளியே நின்றுவிடுவார்கள். மீதித் தொண்ணூற்று மூன்று பேர் அந்தக் குறைமாத வகை வராமலேயே மாத்திரை சாப்பிடுவார்கள். எனக்கு இது ஏற்கத்தக்க பேரம்தான்.

பரிசோதனையே வேண்டாம், எல்லோருக்கும் ஆஸ்பிரின் கொடுத்துவிடலாமே என்ற வாதமும் உண்டு, அதை ஒதுக்க முடியாது. 2020-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வில் இந்தியா, பாகிஸ்தான், கென்யா உட்பட ஆறு நாடுகளில் தலைப்பிரசவப் பெண்கள் சுமார் 12 ஆயிரம் பேரைச் சேர்த்து, ஆபத்து யாருக்கு என்று பிரித்துப் பார்க்காமல் ஒரு பாதிக்குத் தினமும் 81 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்தார்கள். குறைப்பிரசவம் 13.1 சதவீதத்திலிருந்து 11.6 ஆகக் குறைந்தது. டாப்ளர் மெஷினும் லேபும் இல்லாத ஊர்களுக்கு இது மிக நல்ல செய்தி. ஆனால் ஆஸ்பிரின் மிட்டாய் இல்லை. வயிற்றுப் புண், ரத்தம் உறையாத கோளாறு, ஆஸ்பிரின் ஒவ்வாமை, ஆஸ்பிரினால் தூண்டப்படும் இளைப்பு இருப்பவர்களுக்கு ஆகாது. ஸ்வீடனில் பிரசவப் பதிவேடுகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வு ஒன்றில் ஆஸ்பிரின் எடுத்தவர்களுக்குப் பிரசவ நேர ரத்தப்போக்கு சற்று அதிகம் தெரிந்தது. அதைவிட, எல்லோருக்கும் என்று கொடுக்கும் மாத்திரையை யாரும் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்பதுதான் என் கவலை. ஆஸ்ப்ரே ஆய்விலேயே, கொடுத்த மாத்திரையில் 90 சதவீதத்துக்கு மேல் சாப்பிட்டவர்களுக்குக் கிடைத்த பலன், விட்டு விட்டுச் சாப்பிட்டவர்களுக்குக் கிடைக்கவில்லை.

கடைசி வழி, இப்போது ஒன்றும் செய்யாமல் பிறகு சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்பது. இதற்கும் ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, எஸ்ஃப்ளிட், பி.எல்.ஜி.எஃப் என்ற இரண்டு புரதங்களின் விகிதம். 2016-ல் வந்த ப்ரோக்னோசிஸ் ஆய்வில், சந்தேகத்தோடு வந்த பெண்களில் இந்த விகிதம் 38-ஐத் தாண்டாவிட்டால் அடுத்த ஒரு வாரத்துக்கு ப்ரீஎக்ளாம்ப்சியா வராது என்று 99 சதவீதத்துக்கு மேல் உறுதியாகச் சொல்ல முடிந்தது. ஏழாம் மாதத்தில் தலைவலி, கால் வீக்கம், பிரஷர் மேலும் கீழும் என்று அட்மிட் ஆகலாமா வீட்டுக்குப் போகலாமா என்ற நிலையில் இது அருமையான பரிசோதனை. ஆனால் இது சொல்வது இன்றைய நிலையை, தடுப்பதற்கான காலம் அதற்குள் போய்விட்டிருக்கும். பன்னிரண்டாம் வாரப் பரிசோதனைக்கு இது மாற்று இல்லை.

சரி, என் முடிவு. போன கர்ப்பத்தில் பிரஷர் வந்தவர்கள், ஏற்கெனவே பிரஷர், சர்க்கரை, சிறுநீரக நோய், லூபஸ் இருப்பவர்கள் கூட்டுப் பரிசோதனைக்குக் காசு கொடுக்க வேண்டாம். எண் என்ன வந்தாலும் உங்களுக்கு மாத்திரை தேவை என்று பட்டியலே சொல்லிவிட்டது, சில நேரம் நல்ல எண் வந்து மாத்திரையை விட்டுவிடும் ஆபத்துகூட உண்டு. அந்தப் பணத்தில் கையில் கட்டும் நல்ல பி.பி. மெஷின் ஒன்று வாங்கி வீட்டில் வையுங்கள். அதற்கு நேர்மாறாக, முப்பது வயதுக்குள், தலைப்பிரசவம், வேறு நோய் எதுவும் இல்லை, எடையும் சரி என்று இருக்கும் பெண்ணுக்குத்தான் கூட்டுப் பரிசோதனை அதிகம் உதவும், ஏனென்றால் முந்தைய கர்ப்பத்தின் கதை அவரிடம் இல்லை, தலைப்பிரசவம் என்ற ஒன்றை மட்டும் வைத்துப் பட்டியலில் அவர் சிக்கமாட்டார். வசதி இருந்தால் நான்கையும் சேர்த்துச் செய்துவிடுங்கள். அரசு மருத்துவமனை மட்டுமே என்றால், கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி எண் (தமிழக அரசின் கர்ப்பப் பதிவு எண்) வாங்கும் முதல் சந்திப்பிலேயே கிராம சுகாதார செவிலியரிடம் அம்மா, அக்கா கதை உட்பட எல்லாவற்றையும் சொல்லுங்கள், பி.பி.யை உட்கார வைத்து இரண்டு கையிலும் எடுக்கச் சொல்லுங்கள், ஒவ்வொரு மாதமும் ஒன்பதாம் தேதி பிரதமரின் திட்டத்தில் டாக்டர் பார்க்கும் நாளில் "எனக்கு ஆஸ்பிரின் வேண்டுமா?" என்று நீங்களே கேளுங்கள். கேட்காமல் வருவதற்காகக் காத்திருந்தால் பதினாறாம் வாரம் தாண்டிவிடும்.

மாத்திரை அளவிலும் ஒவ்வொரு ஊர் ஒவ்வொரு மாதிரி. அமெரிக்காவில் 81, இங்கிலாந்தில் 75 முதல் 150, உலக மகப்பேறு மருத்துவர் சங்கமான ஃபிகோ 2019-ல் சொன்னது 150. நம் கடைகளில் 75-ம் 150-ம் கிடைக்கிறது. எது உங்களுக்கு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், ஆனால் 75 எழுதியிருந்தால் ஏன் 150 இல்லை என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. இரவில் படுக்கும் முன், 36 வாரம் வரை. கால்சியம் மாத்திரையையும் விடாதீர்கள், பிரஷரைத் தடுப்பதில் அதற்கும் பங்கு உண்டு. தினம் 1,500 மில்லிகிராமுக்குப் பதில் 500 எடுத்தாலும் ப்ரீஎக்ளாம்ப்சியா விஷயத்தில் பலன் குறையவில்லை என்று பெங்களூருவிலும் தான்சானியாவிலும் தலா 11 ஆயிரம் பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2024-ல் சொல்லிவிட்டது.

பிரஷர் மட்டும்தானா ஆபத்து என்று கேட்டால், இல்லை. சர்க்கரைக்கு, சென்னையின் டாக்டர் வி. சேஷய்யா முன்னெடுத்த 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனையை முதல் சந்திப்பிலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடியும் செய்கிறார்கள், வெறும் வயிறாக இருக்க வேண்டியதில்லை, இரண்டு மணி நேரம் கழித்து 140-ஐத் தொட்டால் கர்ப்பகால சர்க்கரை. குறைப்பிரசவத்துக்கு, ஐந்தாம் மாத ஸ்கேனின்போது கருப்பை வாயின் நீளம் பார்ப்பது, 25 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் புரோஜெஸ்ட்ரோன். இரண்டிலும் தேர்வு செய்யப் பெரிதாக எதுவும் இல்லை, செய்துகொள்ள வேண்டியதுதான்.

"குறைந்த ஆபத்து" என்று எண் வந்தவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நூற்றுக்கு 82 பிடிக்கும் பரிசோதனை 18-ஐ விடுகிறது, மாதம் நிறைந்த பிறகு வரும் வகையில் பாதிக்கு மேல் விட்டுவிடுகிறது. எனவே மாதாமாதம் பி.பி.யும் சிறுநீரில் ஆல்புமினும் பார்ப்பதை ஒரு தடவைகூடத் தள்ளிப்போடாதீர்கள். விடாத தலைவலி, கண் முன்னால் மின்னுவது, மேல் வயிற்றில் வலது பக்கம் வலி, திடீரென்று முகமும் கையும் வீங்குவது, குழந்தை அசைவு குறைவது இதில் எது வந்தாலும், ரிப்போர்ட்டில் எந்த எண் இருந்தாலும், அன்றைக்கே, ராத்திரி என்றாலும், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். வண்டி இல்லையென்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.